பாறைக்குள் ஊறும் குரல்: பாஷோவின் சில்வண்டுக் கவிதையைத் தமிழில் வாசித்தல்

பதினேழாம் நூற்றாண்டு ஜப்பானிய ஹைக்கூ கவிஞர் மத்ஸுவோ பாஷோவின் பெயர்பெற்ற கவிதைகளுள் ஒன்று 1689ஆம் ஆண்டுக் கோடையில் வடக்கு ஜப்பானின் மலைக்கோயில் ஒன்றில் பிறந்தது. ஜப்பானிய மொழியில் அது இவ்வாறு ஒலிக்கும்:

ஷிஸுகஸ ய
இவ நி ஷிமி இரு
ஸெமி நொ கொஎ

சொல்லுக்குச் சொல் பிரித்தால், ‘ஷிஸுகஸ’ என்பது அமைதி. ‘ய’ என்பது தனிப்பொருள் அற்ற, ஆனால் அந்த இடத்தில் நம்மை நிறுத்தி வைக்கிற ஓர் இடைச்சொல். ‘இவ’ பாறை, ‘நி’ இடப்பொருள் தரும் உருபு. ‘ஷிமி இரு’ என்றால் ஊறி நுழையும். ‘ஸெமி’ சில்வண்டு, ‘நொ’ நம் ‘இன்’ உருபுக்கு ஒப்பானது, ‘கொஎ’ குரல். உருபுகளைக் கழித்துவிட்டால் மிஞ்சுபவை ஐந்தே சொற்கள். அவற்றை அப்படியே தமிழில் அடுக்கினால் கிடைப்பது இது:

அமைதி—
பாறைக்குள் ஊறி இறங்கும்
சில்வண்டின் குரல்

தமிழ் வாசகர் பெரும்பாலும் இத்தகைய கவிதையை ஆங்கிலத்தின் வழியாகவும், முன்னும் பின்னும் எதுவுமற்ற மூன்று வரிகளாகவுமே சந்திக்கிறார். அந்நிலையில் இரண்டு எதிர்வினைகளே சாத்தியம்: ‘இதில் என்ன இருக்கிறது?’ என்ற நியாயமான கேள்வி, அல்லது எதையும் விளக்காத ‘ஆழ்ந்த ஜென் தத்துவம்’ என்ற பாராட்டு. இரண்டுக்கும் அப்பால் செல்ல, இந்தக் கவிதை எங்கே, எந்த உரைநடைக்குக் கீழே, எத்தனை திருத்தங்களுக்குப் பின் வந்து நிற்கிறது என்பதை அறிய வேண்டும். அப்படி அறிந்துகொண்டு தமிழுக்குத் திரும்பினால், ஆங்கிலத்தில் கைநழுவிப்போகும் சில கூறுகளைத் தமிழ் எளிதாகப் பிடித்து வைத்திருக்கிறது என்பதும் புலப்படும்.

அந்த ஆண்டின் வசந்த இறுதியில் பாஷோ, தன் சீடர் ஸோராவுடன் எதோ நகரிலிருந்து (இன்றைய தோக்கியோ) புறப்பட்டு வடக்கு நோக்கி நடந்தார். பல மாதங்கள் நீண்ட அந்தப் பயணத்தைப் பின்னர் ‘ஓகு நோ ஹொஸொமிச்சி’ என்ற நூலாக எழுதினார். உரைநடையும் கவிதையும் மாறிமாறி வரும் அந்நூல், 1694இல் அவர் இறந்த பிறகு 1702இல்தான் அச்சேறியது. பயணத்தின் நடுவே ஓபனஸாவா என்ற ஊரில், செந்நிறச் சாயத்துக்காகப் பயிரிடப்படும் குசும்பாப் பூவை விற்றுச் செல்வரான ஸெய்ஃபூ என்ற கவிதை நண்பரிடம் தங்கியிருந்தபோது, அருகிலுள்ள மலைக்கோயிலைப் பார்க்காமல் போகக் கூடாது என்று பலரும் வற்புறுத்தினார்கள். அதற்காக, போகவேண்டிய திசையை விட்டு ஏறக்குறைய 7 ‘ரி’, அதாவது 27 கிலோமீட்டர் அளவு, அவர்கள் திரும்பி நடந்தார்கள்.

கோயிலின் பெயர் ரிஷ்ஷகுஜி. மக்கள் வழக்கில் யமதெரா, அதாவது மலைக்கோயில். இன்றைய யமகதா நகரின் எல்லைக்குள் இருக்கிறது. 860ஆம் ஆண்டில் என்னின் என்ற துறவி நிறுவியதாக மரபு கூறும் தெந்தாய் பௌத்தப் பிரிவுக் கோயில் அது. செங்குத்தான மலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கற்படிகள் ஏறிச் செல்ல, பாறை விளிம்புகளில் சிறுசிறு மண்டபங்கள் ஒட்டிக்கொண்டு நிற்கும். பாஷோ அங்கே சென்ற நாள் நமக்குத் துல்லியமாகத் தெரியும்: கெங்ரோகு ஆண்டுக்கணக்கின் இரண்டாம் ஆண்டு, ஐந்தாம் மாதம், 27ஆம் நாள், இன்றைய நாட்காட்டியில் 1689 ஜூலை 13. பிற்பகல் மூன்று மணியளவில் போய்ச் சேர்ந்ததை ஸோரா தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

நூலில் கவிதைக்கு முன் வரும் உரைநடைப் பகுதி மிகச் சிறியது. அதன் சாரம் இது: கோயில் குறிப்பாகத் தூய அமைதி கொண்ட இடம். பொழுது இன்னும் சாயவில்லை. அடிவாரத்து விடுதியில் தங்க இடம் பேசிவைத்துவிட்டு மலைமேல் ஏறினோம். பாறைமேல் பாறை அடுக்கியதே மலையாக இருந்தது. பைன் மரங்களும் சைப்பிரஸ் மரங்களும் வயது முதிர்ந்திருந்தன. மண்ணும் கல்லும் கிழடுதட்டி, பாசி வழவழப்பாய்ப் படர்ந்திருந்தது. பாறைமேல் இருந்த மண்டபங்களின் கதவுகள் மூடியிருந்தன. எந்த ஒலியும் கேட்கவில்லை. விளிம்புகளைச் சுற்றியும் பாறைகளில் தவழ்ந்தும் சென்று வழிபட்டோம். அழகிய காட்சியின் தனிமையில் மனம் தெளிந்துகொண்டே போவதை மட்டும் உணர்ந்தேன். இதன் பிறகு கவிதை வருகிறது.

இந்தப் பகுதியைப் படித்தவர்க்கு முதலில் ஒரு முரண் கண்ணில் படும். ‘எந்த ஒலியும் கேட்கவில்லை’ என்று எழுதிய கை, அடுத்த சில சொற்களிலேயே சில்வண்டின் குரலை எழுதுகிறது. ஜப்பானின் கோடைச் சில்வண்டு சத்தமில்லாத பூச்சியன்று. பக்கத்து மரத்தில் ஒன்று தொடங்கினாலே பேச்சைத் தாழ்த்த முடியாது. ஆகவே கவிதையின் ‘அமைதி’ ஒலி இல்லாத நிலை அல்ல. ஒலி இருக்கும்போதே, அந்த ஒலியின் ஊடாகவே, உணரப்படுகிற ஒன்று அது. உரைநடையின் கடைசி வாக்கியம் அதற்கு வழிசெய்து வைத்துவிடுகிறது: தெளிந்துகொண்டே போன மனம் எதைக் கேட்கிறது என்பதே கவிதை.

ஒலி மிகும்போது அமைதி கூடுகிறது என்ற எண்ணம் பாஷோவின் கண்டுபிடிப்பும் அன்று. சீனத்தின் லியாங் அரசவம்சக் காலத்தில், ஆறாம் நூற்றாண்டில், வாங் ஜி என்ற கவிஞர் ‘சில்வண்டு இரைய இரையக் காடு மேலும் அமைதியாகிறது, பறவை கூவக் கூவ மலை மேலும் ஒதுங்கிப்போகிறது’ என்ற பொருளில் ஓர் ஈரடி எழுதியிருக்கிறார். சீனக் கவிதையில் பயிற்சியுடைய ஜப்பானிய வாசகருக்கு அது நன்கு அறிமுகமானது. பாஷோ அந்த மரபுக்குள் நின்றுதான் எழுதுகிறார். ஆனால் சீன ஈரடி ஒரு கருத்தைச் சொல்லி முடிக்கிறது. ‘மேலும்’ என்ற சொல் அங்கே தருக்கத்தை நிறைவு செய்துவிடுகிறது. பாஷோவிடம் அந்த ‘மேலும்’ இல்லை. இணைப்புச் சொல் எதுவும் இல்லாமல் அமைதியும் குரலும் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருக்கின்றன. இடையில் பாறை வந்து நிற்கிறது. இந்தப் பாறைதான் அவருடைய சொத்து.

பாறை எப்படி வந்தது என்பதைத் திருத்தங்கள் காட்டுகின்றன. 1943இல் அச்சில் வெளிவந்த ஸோராவின் பயணக் குறிப்புகளில் இக்கவிதையின் தொடக்க வடிவம் கிடைக்கிறது. ‘யமதெரா ய / இஷி நி ஷிமித்ஸுகு / ஸெமி நொ கொஎ’ என்பது அது. ‘மலைக்கோயில், கல்லில் ஊறி ஒட்டிக்கொள்ளும் சில்வண்டின் குரல்’ எனலாம். பாஷோவின் மறைவுக்குப் பின் வந்த தொகுப்புகளில் இன்னொரு வடிவம் காணப்படுகிறது: ‘ஸபிஷிஸ ய / இவ நி ஷிமிகொமு / ஸெமி நொ கொஎ’, அதாவது ‘தனிமை, பாறைக்குள் ஊறிச் செறியும் சில்வண்டின் குரல்’. மூன்றாவதாக வருவதுதான் நூலில் உள்ள வடிவம். மூன்றிலும் கடைசி வரி மாறவே இல்லை. அந்தப் பிற்பகலில் கேட்டது குரல். அதில் ஐயம் இருக்கவில்லை. அது எதற்குள் போனது, எப்படிப் போனது, அதற்கு முன் என்ன இருந்தது என்ற மூன்றையும்தான் அவர் மாற்றிமாற்றிப் பார்த்திருக்கிறார்.

முதல் வடிவத்தின் தொடக்கச் சொல் ஓர் இடப்பெயர். நேரில் வந்த விருந்தினர் அந்த ஊர்க்காரர் முன்னிலையில் பாடுவதற்கு அது பொருத்தமானது. இரண்டாவதன் ‘தனிமை’ உணர்ச்சியை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. கவிஞரின் மனநிலை பாறைக்கு முன்னால் வந்து நின்றுகொள்கிறது. மூன்றாவதன் ‘அமைதி’ இடத்துக்கும் உரியது, மனத்துக்கும் உரியது. இரண்டையும் பிரிக்க முடியாது. அதற்கு அவர் தேர்ந்த எழுத்துருவும் கவனிக்கத்தக்கது. ஓசையின்மையைக் குறிக்கும் வழக்கமான சீன எழுத்தை விட்டுவிட்டு, ஓய்வு, பரபரப்பின்மை, ஒழிந்த நிலை ஆகிய பொருள்கள் கலந்த வேறோர் எழுத்தை அவர் இட்டிருக்கிறார். உரைநடையில் கோயிலைத் ‘தூய அமைதி கொண்ட இடம்’ என்று சொல்லும்போதும் அதே எழுத்துதான் வருகிறது. அங்கே விதைத்ததை இங்கே எடுக்கிறார்.

இதனால் தமிழில் ‘நிசப்தம்’ என்று தொடங்கும் மொழிபெயர்ப்பு கவிதையைத் தொடக்கத்திலேயே முட்டுச்சந்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. சப்தம் இல்லை என்று அறிவித்துவிட்டுச் சப்தத்தைக் கொண்டுவந்தால் வாசகர் அதை ஒரு வார்த்தை விளையாட்டாகவே எடுத்துக்கொள்வார். ‘மௌனம்’ பேசக்கூடியவர் பேசாதிருப்பதைச் சுட்டுவது. இங்கே பேசவேண்டியவர் யாரும் இல்லை. ‘அமைதி’ என்ற பழகிய சொல்லே நன்றாக உட்காருகிறது. அலை அடங்குவதையும் மனம் அடங்குவதையும் ஊர் அடங்குவதையும் தமிழில் அந்த ஒரே சொல்லால் சொல்கிறோம்; குரல் ஒன்று கேட்டுக்கொண்டிருப்பதை அது மறுப்பதில்லை.

‘ய’ என்ற இடைச்சொல் இன்னும் கடினமானது. வெட்டுச்சொல் என்று ஜப்பானியக் கவிதையியல் குறிப்பிடும் வகையைச் சேர்ந்தது அது. கவிதையை இரண்டாகப் பிளந்து, முதல் பகுதியைத் தனியே ஒலிக்கவிட்டு, இரண்டாவது பகுதியை அதனருகே வைப்பது அதன் வேலை. இதை ‘என்னே அமைதி!’ என்றும் ‘ஆகா, எத்தனை அமைதி!’ என்றும் தமிழாக்குவோர் உண்டு. வியப்பு என்ற கூறு ‘ய’வில் இருக்கிறது என்பது உண்மைதான், ஆனால் வியப்பவர் ஒருவர் கவிதைக்குள் எழுந்து நின்று கைதட்டுவதுபோல் ஆகிவிடுகிறது. தமிழில் ‘அமைதியே’ என்று ஏகாரம் ஏற்றிப் பார்க்கலாம்; ஆனால் அது விளிபோல ஒலித்துக் குழப்பும். வரியை முடித்து ஒரு கோடிட்டு நிறுத்துவது, ஒலியில் எதையும் சேர்க்காமல் பிளவை மட்டும் காட்டுகிறது. குறைந்த இழப்புக்குரிய வழி இதுதான் என்பது என் கருத்து.

இனித் தமிழுக்கு வாய்ப்பாக அமையும் பகுதிக்கு வருவோம். ஆங்கிலத்தில் பெயரை விளக்கும் நீண்ட தொடர் பெயருக்குப் பின்னால் வரவேண்டும். அல்லது அந்தத் தொடரையே எழுவாயும் பயனிலையும் கொண்ட வாக்கியமாக்க வேண்டும். ஆகவே பல ஆங்கில வடிவங்களில் ‘சில்வண்டின் குரல் பாறையைத் துளைக்கிறது’ என்ற முழு வாக்கியம் உருவாகிவிடுகிறது. வாக்கியம் வந்ததும் நிகழ்ச்சி வந்துவிடுகிறது. குரல் செய்பவர், பாறை செயப்படுபொருள். பாஷோவிடம் வாக்கியம் இல்லை. ‘பாறைக்குள் ஊறி இறங்கும்’ என்ற பெயரெச்சத் தொடர் ‘குரல்’ என்ற பெயரில் போய் முடிகிறது. அதற்குப் பின் பயனிலை கிடையாது. தமிழும் ஜப்பானியமும் பெயரெச்சத்தைப் பெயருக்கு முன்னால் வைக்கும் மொழிகள். பாறை, ஊறுதல், சில்வண்டு, குரல் என்று ஜப்பானிய வாசகர் எந்த வரிசையில் ஒவ்வொன்றாகப் பெறுகிறாரோ, அதே வரிசையில் தமிழ் வாசகரும் பெறலாம். ஊறி இறங்குவது நீரா, ஒளியா, குளிரா என்று இரண்டாம் வரி முடியும்வரை அவருக்கும் தெரியாது. ‘ஷிமி இரு’ என்பதுகூட ‘ஊறி நுழை’ என்று ஒரு வினையெச்சமும் ஒரு வினையும் சேர்ந்த கூட்டுதான். நமக்கு அன்றாடப் பழக்கமான அமைப்பு அது.

எண்ணிக்கையிலும் இதே வாய்ப்பு உண்டு. ஜப்பானியப் பெயர்ச்சொல் ஒருமை பன்மை காட்டுவதில்லை. ஒரு சில்வண்டா, மலை முழுதும் இரைகிற நூற்றுக்கணக்கானவையா என்று கவிதை சொல்லவில்லை. ஆங்கிலம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். தமிழில் அஃறிணைப் பெயருக்குப் பன்மை விகுதி கட்டாயமன்று. ‘சில்வண்டின் குரல்’ ஒன்றையும் குறிக்கும், பலவற்றையும் குறிக்கும். ஆங்கிலத்தைப் பார்த்துச் ‘சில்வண்டுகளின் குரல்கள்’ என்று எழுதுகிறவர், தன் மொழி இலவசமாகக் கொடுத்த ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்.

தமிழுக்கு ஜப்பானியக் கவிதை வந்த வழியே ஆங்கிலம்தான். பாரதியார் 1916இல் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதியபோதும், ஆங்கிலத்தில் எழுதிய ஜப்பானியக் கவிஞர் யோனே நொகுச்சியின் கருத்துகளே அவருக்கு ஆதாரமாயின. அதில் குறை காண ஏதுமில்லை. ஆனால் இன்று மூலத்தின் சொற்பிரிப்பு எளிதில் கிடைக்கும் நிலையில், ஆங்கில வாக்கியத்தின் எலும்புக்கூட்டை அப்படியே தூக்கிவருவதற்குக் காரணம் இல்லை.

இதே இடத்தில் யாப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஹைக்கூ 5-7-5 ‘அசைகள்’ கொண்டது என்று தமிழில் திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது. ஜப்பானியர் எண்ணுவது நம் யாப்பிலக்கணத்து நேரசை நிரையசையை அன்று. அவர்களுடைய அலகு நம் மாத்திரைக்கு நெருக்கமானது: குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. சொல்லிறுதி மெல்லொலிக்கு அவர்கள் முழு அலகு தருகிறார்கள், நாம் மெய்க்கு அரை மாத்திரை தருகிறோம் என்பது போன்ற வேறுபாடுகள் உண்டு. பாஷோவின் இந்தக் கவிதையில் நெடிலோ தனி மெய்யோ இல்லாததால், தமிழ் எழுத்தில் எழுதினாலே கணக்கு தெரிந்துவிடும்: ஷி-ஸு-க-ஸ-ய ஐந்து, இ-வ-நி-ஷி-மி-இ-ரு ஏழு, ஸெ-மி-நொ-கொ-எ ஐந்து. நடுவரியின் ஏழு அலகுகளில் ஐந்து இகரத்தில் முடிகின்றன. கவிதை நெடுக ‘ஷி’யும் ‘ஸ’வும் இழைகின்றன. மெல்லிய, நீண்ட, கூர்மையான ஓர் ஒலி அங்கே நாவிலேயே உண்டாகிறது. இதைத் தமிழில் ஒலிக்கு ஒலி கொண்டுவர முடியாது. ‘பாறை’, ‘ஊறி’, ‘இறங்கும்’ மூன்றிலும் வரும் றகரம் வேறொரு தன்மையில், சற்றுக் கரகரப்பாக, இரண்டாம் வரியைக் கட்டுகிறது என்பதோடு நிறைவடைய வேண்டியதுதான்.

வினைச்சொல்லுக்கு வருவோம். ‘ஷிமு’ என்பது சாயம் துணியில் ஏறுவதற்கும், நீர் மண்ணில் இறங்குவதற்கும், குளிர் உடம்பில் உறைப்பதற்கும், பிறர் சொன்ன சொல் மனத்தில் தைப்பதற்கும் ஜப்பானியர் சொல்லும் வினை. ‘ஷிமித்ஸுகு’ என்றால் ஊறிய பின் மேற்பரப்பில் ஒட்டி நிற்பது. கறை அப்படித்தான் நிற்கும். ‘ஷிமிகொமு’வில் உள்ளே செறிந்து தங்குதல் இருக்கிறது. ‘ஷிமி இரு’ உள்ளே போய்க்கொண்டே இருப்பது. மூன்று வடிவங்களையும் வரிசையாக வைத்தால், குரல் கல்லின் மேற்பரப்பிலிருந்து படிப்படியாக ஆழத்துக்குப் போவது தெரியும். ‘துளைக்கும்’ என்ற தமிழ்ச்சொல்லை நான் ஏற்காததற்குக் காரணம் இதுவே. துளைத்தால் துவாரம் மிஞ்சும். பாறை எதிர்க்கும், குரல் வெல்லும். ஊறுவதில் எதிர்ப்பும் இல்லை, வெற்றியும் இல்லை. பாறை குரலை வாங்கிக்கொள்கிறது.

இந்தப் பாறைக்கு அந்தக் குணம் உண்டு என்பதையும் கருத வேண்டும். யமதெராவின் மலை எரிமலைச் சாம்பல் இறுகி உருவான மென்மையான கல்லால் ஆனது. மழையும் காற்றும் அரித்து, முகப்பு முழுவதும் பொந்துகளும் குழிகளுமாக இருக்கும். பளிங்கு போன்ற கெட்டிப் பாறையை மனத்தில் வைத்துக்கொண்டு படிக்கும் வாசகருக்கு ‘ஊறுதல்’ மிகைக் கற்பனையாகத் தோன்றலாம். அங்கே நிற்பவருக்குப் பாறையே உறிஞ்சுவதற்குத் தயாராக இருப்பதுபோல்தான் தோன்றும். ‘இஷி’ என்ற கல்லை விட்டு ‘இவ’ என்ற பாறைக்குப் பாஷோ மாறியதும், உரைநடையில் ‘பாறைமேல் பாறை அடுக்கிய மலை’ என்று எழுதியதும் ஒன்றோடொன்று சேர்ந்தவை.

குரலுக்குரிய பூச்சி எது? இந்தக் கேள்வி ஜப்பானில் பெரிய விவாதமாகவே நடந்தது. யமகதா மாநிலத்திலேயே பிறந்த கவிஞரும் மனநல மருத்துவருமான சைத்தோ மொகிச்சி, 1926இல், அது ‘அபுராஸெமி’ என்று எழுதினார். எண்ணெய்ச் சில்வண்டு என்று பொருள். கொதிக்கும் எண்ணெயில் பலகாரம் பொரிவது போன்ற தடித்த இரைச்சல் அதனுடையது. நாவலாசிரியர் நத்ஸுமே ஸோசெகியின் மாணவரும் இலக்கிய ஆய்வாளருமான கொமியா தொயொதகா இதை மறுத்தார். அபுராஸெமியின் தடித்த குரல் ஊறி இறங்கும் தன்மையது அன்று என்பது அவர் சொன்ன ஒரு காரணம்; ஜூலை நடுப்பகுதியில் அந்த மலையில் அபுராஸெமி இன்னும் கத்தத் தொடங்கியிருக்காது என்பது மற்றொன்று. அவர் முன்வைத்தது ‘நீநீஸெமி’; மரப்பட்டை நிறத்தில், உருவில் சிறிய, ‘ச்சீ’ என்று இடைவிடாமல் மெல்லிய கம்பிபோல் நீளும் குரலுடைய வகை. மொகிச்சி விடவில்லை. பருவம் பார்த்து யமதெராவிலேயே பூச்சிகளைப் பிடிக்கச் செய்து சோதித்தார். அகப்பட்டவற்றுள் மிகப் பெரும்பாலானவை நீநீஸெமியாக இருந்தன. தன் கருத்தை அவர் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

ஒரு கவிதைக்காகப் பூச்சி பிடிப்பதா என்று சிலருக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் பாஷோவின் மரபில் பருவச்சொல் அலங்காரம் அன்று. ‘ஸெமி’ என்றதும் கோடை என்பது ஒப்பந்தம். கோடையிலும் எந்தப் பகுதி, எந்தப் பொழுது என்பதைப் பொறுத்துக் கவிதையின் ஒலியே மாறிவிடும். அந்தி மயங்கும் நேரத்தில் துயரமாகக் கூவும் ‘ஹிகுராஷி’ என்ற சில்வண்டை அவர்கள் இலையுதிர் காலத்துக்கே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். பொரியும் இரைச்சலுக்கு நடுவே அமைதி என்பதற்கும், ஒரு மெல்லிய கம்பி பாறைக்குள் போய்க்கொண்டே இருப்பதன் நடுவே அமைதி என்பதற்கும் வேறுபாடு மிகப் பெரியது.

தமிழில் இந்தச் சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. ‘சில்வண்டு’ என்றும் ‘சிள்வண்டு’ என்றும் நாம் சொல்லும்போது, பகலில் மரத்தில் இரைவதையும், இரவில் புல்லிலும் சுவரிடுக்கிலும் ஒலிக்கும் சுவர்க்கோழி போன்ற பூச்சிகளையும் பலர் சேர்த்தே எண்ணுகிறார்கள். இரவுப் பூச்சியை நினைத்துக்கொண்டால், இருட்டு, தூங்கும் ஊர், தனிமை என்று கவிதை முழுவதும் நள்ளிரவுக்குப் போய்விடும். பாஷோவின் காட்சி பகலில் நிகழ்வது. ‘பொழுது இன்னும் சாயவில்லை’ என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆங்கிலம் இன்னொரு பொறியை வைத்திருக்கிறது: வட அமெரிக்க வழக்கில் சில்வண்டையும் வெட்டுக்கிளியையும் ஒரே சொல்லால் குறிப்பதுண்டு, இந்தக் கவிதையின் ஆங்கில வடிவங்களிலும் அச்சொல் இடம்பெற்றிருக்கிறது. அதைப் பார்த்து எழுதினால் யமதெராவில் வெட்டுக்கிளி கத்தும்.

பழந்தமிழில் பகற்பூச்சிக்குத் தனிப்பெயர் இருந்தது: சிள்வீடு. அகநானூற்றுப் பாலைப் பாடல் ஒன்றில் ‘தேர்மணி இசையின் சிள்வீடு ஆர்க்கும்’ என்று அது வேர்வரை உலர்ந்த மரத்தில் இருந்துகொண்டு தேர்மணிபோல ஒலிக்கிறது. அங்கே அது பாலையின் கருப்பொருள். வெயில், வறட்சி, பிரிவு ஆகியவற்றோடு சேர்ந்தது. ஜப்பானியச் சில்வண்டும் வெயிலுக்கு உரியதுதான். ஆனால் பாசி படர்ந்த, பைன் மரங்கள் நிழல் செய்யும், ஈரம் மிகுந்த கோடையின் வெயில் அது. சங்கக் கவிதையில் ஊறிய வாசகர் தம் காதில் முன்பே ஒலித்துக்கொண்டிருக்கும் பாலையைச் சற்று ஒதுக்கிவைத்துக்கொண்டு படிப்பது நல்லது. நிலமும் பொழுதும் கருப்பொருளும் உணர்வைச் சுமக்கும் என்ற பயிற்சி மட்டும் அவருக்கு இங்கே பெரிதும் கைகொடுக்கும்.

மற்ற வாசிப்புகள் சிலவற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பாஷோ ஜென் பயின்றவர் என்பது உண்மை. ஆனால் ரிஷ்ஷகுஜி ஜென் கோயில் அன்று, கவிதையிலும் உரைநடையிலும் தியானக் கோட்பாடு எதுவும் பேசப்படவில்லை. அதைவிடக் கவனிக்கத்தக்க வாசிப்பு ஒன்று உண்டு. இளமையில் இகா நாட்டில் பாஷோ பணியாற்றிய ஸாமுராய்க் குடும்பத்தின் மகன் தோதோ யொஷிததா அவருக்குக் கவிதைத் தோழருமாக இருந்தார். 1666இல் 25 வயதில் இறந்துபோனார். அவருடைய புனைபெயர் ‘ஸெங்கின்’, சில்வண்டின் பாட்டு என்று பொருள்படும். யமதெரா இறந்தோர் ஆவிகள் சென்று சேரும் மலை என்பது அவ்வட்டார மக்களின் நம்பிக்கை. இரண்டையும் இணைத்து, பாறைக்குள் போகும் குரல் மறைந்த நண்பருடையது என்று வாசிப்போர் இருக்கிறார்கள். கவர்ச்சியான வாசிப்புதான். ஆனால் நூலின் உரைநடையில் அதற்கு ஒரு சாடையும் இல்லை. தன் துயரை வெளிப்படையாக எழுத வேண்டிய இடங்களில் தயங்காமல் எழுதியவர் பாஷோ. கனஸாவாவில் இளங்கவிஞர் இஷ்ஷோ இறந்துவிட்ட செய்தி அறிந்தபோது, கல்லறையே அசையும்படி அழைக்கும் கவிதை ஒன்றை இதே நூலில் வைத்திருக்கிறார். ஆகவே ஸெங்கின் வாசிப்பை ஒரு மெல்லிய மேல்நிழலாக ஏற்கலாமே தவிர, கவிதையின் விடையாகக் கொள்வதற்கில்லை.

யமதெராவிலிருந்து மறுநாள் இருவரும் மொகாமி ஆற்றங்கரை ஊரான ஓஇஷிதாவுக்குப் போனார்கள். அங்கே தங்கிய வீட்டில் நடந்த கவிதைக்கூட்டத்தில், பாஷோ தொடக்கப் பாடலாக ‘ஐந்தாம் மாத மழையைத் திரட்டிக் குளிர்ச்சியாகும் மொகாமி ஆறு’ என்ற பொருளில் பாடினார். அவர் காலத்தில் இத்தகைய பாடலுக்கு ‘ஹொக்கு’ என்று பெயர்; பலர் கூடித் தொடர்ந்து பாடும் நீண்ட கவிதையின் முதல் கண்ணி அது. அதைத் தனிக் கவிதையாக்கி ‘ஹைக்கூ’ என்ற பெயரை நிலைநிறுத்தியவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மஸஒகா ஷிகி. முதல் கண்ணியில் விருந்தளிப்பவரைப் பாராட்டுவது மரபு. ‘குளிர்ச்சி’ அந்த வீட்டுக்காரருக்குச் சொன்ன நன்றி. நூலை எழுதும்போது பாஷோ ‘குளிர்ச்சி’யை நீக்கி ‘விரைவு’ என்று திருத்தினார். ஏனென்றால் நூலில் அந்தக் கவிதைக்கு மேலே வருவது, மழையில் பெருகிய ஆற்றில் படகு ஆபத்தாகப் பாய்ந்து செல்லும் விவரணை. கூடத்தில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் அங்கே இல்லை.

சில்வண்டுக் கவிதையில் ‘மலைக்கோயில்’ போய் ‘அமைதி’ வந்ததும் இதே வேலையின் பகுதிதான். கோயிலின் பெயரையும் நிலையையும் உரைநடை சொல்லிவிட்ட பிறகு கவிதை அதைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை. ‘எந்த ஒலியும் கேட்கவில்லை’ என்ற வாக்கியத்தை நேருக்கு நேர் சந்திக்கிற சொல்லே தேவை. எனவே நாம் இன்று மொழிபெயர்க்கும் வடிவம், அந்த உரைநடைக்குக் கீழே நிற்பதற்கென்றே செதுக்கப்பட்டது. தமிழில் அந்தப் பகுதி அரைப் பக்கத்தைத் தாண்டாது. மூன்று வரிகளைத் தனியே அச்சிட்டு, அடியில் பொடி எழுத்தில் நான்கு குறிப்புகள் போடுவதைவிட, அந்த அரைப் பக்கத்தையும் மொழிபெயர்த்துக் கவிதைக்கு மேலேயே வைப்பது எளிது. பாஷோ தன் நூலில் செய்திருப்பதும் அதுவே.